காலி என்று சொன்ன துப்பாக்கி

என் மாமியார் வீட்டில் எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார்கள். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார்கள். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்ப்பார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்த்த பிறகுதான் கொண்டுவந்த பையனை வெளியே விடுவார்கள். என்னையே மூன்று ஜோசியரிடம் கேட்டு, நடக்கவிட்டு, பேசவிட்டு, பல் வரிசை பார்த்துத்தான் எடுத்தார்கள். அந்த வீட்டில் யாரும் சரிபார்க்காத பொருள் ஒன்றே ஒன்றுதான், பீரோவில் இருந்த கைத்துப்பாக்கி. அது காலி என்று வீட்டு ஆண் சொன்னால் காலி. அதற்கு மேல் எடுத்துப் பார்ப்பது அவர் பேச்சைச் சந்தேகப்படுவது.

எனக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை. கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் நான் போலீஸில் இருந்தவள், ஆயுதப்படையில். அதில் இரண்டு வருஷம் ஆயுதக் கிடங்கில் வேலை. டியூட்டிக்குப் போகிறவர்களுக்குத் துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பதும், முடித்து வருகிறவர்களிடம் திரும்ப வாங்குவதும்தான் நாள் முழுக்க. கம்பி வைத்த ஒரு ஜன்னல், அதற்கு இந்தப் பக்கம் நான், எனக்குப் பக்கத்தில் மணல் நிரப்பிய ஒரு டிரம், தப்பித் தவறி வெடித்தாலும் தோட்டா அதில் புதைந்துவிடும்.

யார் பிஸ்டலை நீட்டினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாங்கும்போதே குழலின் வாய் மணலைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். விரல் ட்ரிக்கருக்கு வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும். முதலில் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வரிசை மாறினால் வம்பு. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும். விழுந்ததைப் பார்த்து நாம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்போம். இழுத்த ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்திவிட்டு, குழலின் பின்வாயில் தோட்டா உட்காரும் அறையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணை மட்டும் நம்பாமல் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். பிறகு இன்னொரு தரம் முதலிலிருந்து. எல்லாம் சேர்த்துப் பத்து விநாடி ஆகாது.

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்கிறவர்கள்தான் ஊரில் அதிகம். மேகசின் என்பது சோற்றுப் பானை. பானையை எடுத்து வைத்துவிட்டால் ஏற்கெனவே வாயில் போட்ட கவளம் எங்கே போகும்? அது வாயில்தான் இருக்கும்.

ஒருமுறை ஓர் அதிகாரி அவசரத்தில் வந்தார். “காலிதாம்மா, உள்ள வெச்சுடு” என்றார். “சரிங்கய்யா” என்று சொல்லிக்கொண்டே வழக்கம்போல் ஸ்லைடை இழுத்தேன். தோட்டா ஒன்று மேஜையில் விழுந்து உருண்டது. அவர் முகம் வெளுத்துவிட்டது. “நல்லவேளை பார்த்தீங்க” என்று சொல்லி எனக்கும் கூட இருந்த ஏட்டம்மாவுக்கும் டீ வாங்கி அனுப்பினார். அன்றைக்கு அவர் தோளில் இருந்த நட்சத்திரம் ஒன்றும் உதிர்ந்து விழவில்லை. அதன் பிறகு என்னிடம் கொடுக்கும்போதெல்லாம் அவரே நின்று, பார்க்கச் சொல்லிவிட்டுப் போவார். உலகம் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று இருபத்து மூன்று வயதில் நான் நம்பினேன்.

பெண் பார்க்க வந்தபோது என் மாமியார் எங்கள் கெங்கவல்லி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, “காக்கிச் சட்டை போட்ட மருமக நம்ம ஊட்டுக்கு ஆவாதுங்க. அதைய விட்டுட்டு வந்தாத்தானுங்க சரி வரும்” என்றார். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய வீடு, ஆழ்துளைக் கிணறு போடும் இரண்டு ரிக் வண்டி, ஒரே பையன். அப்பா என்னைப் பார்த்தார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். நல்ல உயரம், சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து சிரிக்கும். எத்தனையோ பேர் எழுதிய பரீட்சையில் தேறி வாங்கிய வேலையை ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்து விட்டுவிட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அதற்கு இன்றைக்கு வரைக்கும் என்னையேதான் திட்டிக்கொள்கிறேன்.

துப்பாக்கி என் மாமனார் வாங்கியது, பழைய வெளிநாட்டு பிஸ்டல். அவருக்கு வயதானதும், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, லைசென்ஸ் என் கணவர் பெயருக்கு மாறியது. ரிக் வண்டிக்காரருக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன். கல்யாண வீடுகளுக்குப் போகும்போது இடுப்பில் வைத்துக்கொள்வார். சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வருவார். அதைத் தவிர அதற்கு வேலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கல்யாணமான முதல் வருஷம், அவர் ஒரு விசேஷத்திலிருந்து வந்து பிஸ்டலைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்துப் பார்த்தேன். அவர் துண்டோடு வந்து வாசலில் நின்றார்.

“என்ன பண்ற?”

“காலியான்னு பாத்தேங்க.”

“நான் வெச்சா காலியாத்தான் இருக்கும். உனக்கு எம்மேல நம்பிக்கை இல்லியா?”

இல்லை என்று சொல்லவில்லை. துப்பாக்கி மேல்தான் நம்பிக்கை இல்லை என்றேன். அதற்கே மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பீரோ சாவி அன்றைக்கு மாமியார் இடுப்புக்குப் போனது, பிறகு என் கைக்கு வரவே இல்லை. மகள் பிறந்தாள். பிரசவத்தில் மாமியார் என்னைக் கண்போலப் பார்த்துக்கொண்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். நாற்பது நாள் ஒரு துரும்பை எடுக்க விடவில்லை.

இனி அந்த ஆயுதபூஜை. மகளுக்கு அப்போது நாலு வயது. மாமனார் இறந்த பிறகு வந்த முதல் பூஜை அது, அதுவரை பூஜைக்குத் துப்பாக்கியை வைப்பதும் எடுப்பதும் அவர் கையில்தான் இருந்தது.

அந்த வீட்டில் ஆயுதபூஜை என்றால் தீபாவளியை விடப் பெரிது. ரிக் வண்டிகளைக் கழுவி வாழைக்கன்று கட்டுவார்கள். ஸ்பேனர், துளைபோடும் பிட்டு, கணக்குப் பார்க்கும் லேப்டாப், என் கணவரின் பைக் சாவி என்று எல்லாம் சாமி அறைக்கு வந்துவிடும். அதில் ஒரு வழக்கம் உண்டு. சாமி முன்னால் வைப்பது எதுவும் வெறுமையாக இருக்கக் கூடாது. படியில் அரிசி தலைதட்டி இருக்கும், குடத்தில் தண்ணீர் தளும்பும், வண்டிகளுக்கு டீசல் டேங்க் முட்ட நிரப்பி இருக்கும், ஆயில் கேனில்கூட ஆயில் இருக்க வேண்டும். வெறும் பாத்திரம் வைத்தால் அந்த வருஷம் தொழிலும் வெறுமையாகப் போய்விடும் என்று நம்பிக்கை. ஒருமுறை வைத்துப் படைத்துவிட்டால் மறுநாள் காலை பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது.

எனக்கு அன்று வீட்டுக்குத் தூரம், இரண்டாம் நாள். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கூடமும் சாமி அறையின் பாதியும் தெரியும். மத்தியானம் பூஜைக்கு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் குரல் கேட்டது.

“வெறுந் துப்பாக்கியவா சாமிக்கு வெக்கறது? உங்கப்பன் இருந்த வரைக்கும் நெறச்சுத்தான் வெப்பாரு.”

“மேகசின்ல நெறையாத்தாம்மா இருக்குது” என்றார் என் கணவர்.

“அது கைப்புடியில கெடக்குது. அதோட வயித்துல இருக்குதா?”

அவர் சிரித்தார். பிறகு அந்தச் சத்தம். ஸ்லைடை இழுத்து விட்டால் வரும் ‘சடக் சடக்’. இரண்டு வருஷம் நாள் முழுக்கக் கேட்ட சத்தம் அது, தூக்கத்தில் கேட்டாலும் எழுந்துவிடுவேன். துப்பாக்கியின் வயிற்றில் தோட்டா ஒன்று ஏறிவிட்டது. இனி ட்ரிக்கரைத் தொட்டால் போதும்.

“ஏங்க” என்று இங்கிருந்தே கூப்பிட்டேன். “ஒண்ணு உள்ள ஏறிடுச்சு. நாளைக்கு எடுக்கும்போது மேகசினைக் கழட்டினா மட்டும் பத்தாது. ஸ்லைடை இழுத்துப் பாருங்க.”

“தெரியும், தெரியும்.”

“பூசை நேரத்துல தூரத்துப் பொம்பள கொரலு எதுக்கு?” என்றார் மாமியார். “வாயத் தொறக்காம இரு அம்மிணி.”

வாயைத் திறக்காமல் இருந்தேன். பிஸ்டலுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, வாழையிலையில் படுக்க வைத்தார்கள். பொரியும் கடலையும் சுற்றிலும் குவித்தார்கள். ரிக் வண்டியில் வேலை செய்கிறவர்கள், சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் குடும்பம் எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். என் மகளும் பட்டுப்பாவாடையோடு அதன் முன்னால் குப்புற விழுந்து கும்பிட்டாள். அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை விஜயதசமி. என் கணவர் மகளை மடியில் வைத்துத் தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுத வைத்தார். குழந்தை நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அவர் அவள் உச்சியில் முத்தம் கொடுத்தார். நல்ல அப்பா அவர். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

பிறகு கற்பூரம் காட்டி ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். துப்பாக்கியை எடுத்தார். மேகசினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“காலி” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

“ஸ்லைடை இழுத்தீங்களா?” என்றேன் பின்னறையிலிருந்து.

கூடத்தில் வேலைக்காரர்கள் நாலைந்து பேர் பொரி வாங்க நின்றிருந்தார்கள். அவர்கள் திரும்பி என் பக்கம் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. “காலின்னு சொல்றனில்ல?” என்றார்.

எல்லாக் கேடும் அந்த நாலைந்து பேர் நின்றதில்தான் வந்தது என்று சில நாள் தோன்றும். அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை இழுத்துப் பார்த்திருப்பார். பெண்டாட்டி சொல்லி, அதுவும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டி சொல்லி, வேலைக்காரன் முன்னால் எப்படி இழுத்துப் பார்ப்பது?

நாத்தனார் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். “கொழந்தை கையில குடு. படம் புடிக்கலாம். எழுத்து ஆரம்பிச்ச கையோட இதையும் புடிக்கட்டும்” என்றார். என் கணவர் பிஸ்டலை மகளிடம் கொடுத்தார். குழந்தைக்கு அது கனம். இரண்டு கையாலும் பிடித்து, விரல் எங்கே போக வேண்டுமோ சரியாக அங்கே போட்டுக்கொண்டாள். எந்தக் குழந்தைக்கும் அதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நான் இருந்த இடத்திலிருந்து துப்பாக்கியின் பின்பக்கம் தெளிவாகத் தெரிந்தது. தோட்டாவை அடிக்கும் ஹாமர் பின்னுக்குச் சாய்ந்து நின்றது. நேற்று இழுத்தபோது எப்படி நின்றதோ அப்படியே; இன்றைக்கு அந்த ‘சடக்’ சத்தமும் கேட்கவில்லை. வயிற்றில் இருந்தது வயிற்றிலேயே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

“இங்க பாரு சாமி” என்றார் நாத்தனார், போனை நீட்டி. “அத்தையச் சுடு பாக்கலாம். டிஷ்யூம்!”

குழந்தை சிரித்துக்கொண்டு தூக்கினாள்.

நான் எப்படி ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. ஓடினேன். என் மகளின் மணிக்கட்டைப் பிடித்து, யாரும் இல்லாத மூலையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் பக்கம் திருப்பினேன். என் கட்டைவிரலை ஹாமருக்கு முன்னால் செருகிக்கொண்டேன், அது அடித்தாலும் என் விரலில் அடிக்கட்டும் என்று. இன்னொரு கையால் அவள் விரலைப் பிரித்து எடுத்தேன். அவள் வீல் என்று அழுதாள். துப்பாக்கி என் கைக்கு வந்ததும் ஸ்லைடை இழுத்தேன்.

தோட்டா வெளியே துள்ளிப் பொரிக் குவியலில் விழுந்தது. பித்தளை நிறம், நுனியில் செம்பு நிறம். பூட்டி நிறுத்தி, பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, மறுபடியும் ஒருமுறை எல்லாம் செய்துவிட்டு, திறந்த வாயோடு அதை வாழையிலையில் வைத்தேன்.

பொரிக்குள் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தது மாமியார்.

“அய்யோ, தூரத்தோட சாமி ரூமுக்குள்ள வந்துட்டாளே!”

எனக்கு முதலில் புரியவே இல்லை. குழந்தைக்கோ நாத்தனாருக்கோ ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் பதறுகிறார் என்று நினைத்து, “ஒண்ணும் ஆகலைங்கத்தை” என்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். தரையில் தெளித்தார், சாமி படத்தில் தெளித்தார். நான் தொட்டதனால் துப்பாக்கி மேலும் ஒரு செம்பு ஊற்றினார். ஸ்லைடு திறந்திருந்ததால் உள்ளேயெல்லாம் போனது. இரண்டே நாளில் அது துருப்பிடித்து, சேலத்தில் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூட முடியாத இடத்தில் இருந்தேன்.

அன்று மத்தியானம் குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். என் கணவர் உள்ளே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே வந்தவர் முகம் ஈரமாக இருந்தது, கண் சிவந்திருந்தது.

“மறந்துட்டன்” என்றார் மெல்ல. “மேகசினைக் கழட்டுனா போதும்னு நெனச்சுட்டன். யார்கிட்டயும் சொல்லாத.”

“சொல்லலைங்க” என்றேன்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மகளைக் கொன்றிருப்போமே என்று நடுங்குகிற மனிதனைப் பார்த்து வேறு என்ன சொல்வது? கட்டிக்கொண்டு அழுதோம். கல்யாணமாகி அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்ததே இல்லை. என் வாழ்நாளில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அந்த வாக்குதான்.

நாலாம் நாள் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். வேலைக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா, விஷயம் நெடுஞ்சாலை டீக்கடை வரைக்கும் போயிருந்தது. “பொண்டாட்டி புடுங்கிப் பாத்தாளாம், குண்டு உழுந்துச்சாம்” என்று சிரித்தார்களாம். என் கணவருக்குத் தாங்கவில்லை. கெங்கவல்லியிலிருந்து என் அப்பாவையும் வரச்சொன்னார்கள். என் மாமனாரின் தம்பி நடுவில் உட்கார்ந்தார்.

“ஏஞ்சாமி, குண்டு உள்ள இருந்துச்சா இல்லியா?” என்று என் கணவரைக் கேட்டார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிடுவார், சொன்னால் நாலு பேர் ஒரு நிமிஷம் ‘ச்ச்’ என்பார்கள், முடிந்துவிடும்.

“நான் எடுத்துட்டனுங்க” என்றார். “அது எப்படி அங்க வந்துச்சுன்னு எனக்குத் தெரியலீங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று படித்திருக்கிறேன். பரிமாறிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“வெளிய உழுந்துச்சுன்னா யாராச்சும் உள்ள போட்டிருக்கோணுமில்ல?” என்றார் நாத்தனார். “எங்கம்மாவுக்கு அதைத் தொறக்கத் தெரியுமா, எனக்குத்தான் தெரியுமா? இந்த ஊட்டுல அதெல்லாம் படிச்சுட்டு வந்தது ஒரே ஆளுதானுங்க சித்தப்பா. தம்பிய நாலு பேருக்கு முன்னால தலைகுனிய வெக்கோணும்னு பண்ணியிருக்கறா.”

அவரைப் பார்த்துத்தான் என் மகள் குறி வைத்திருந்தாள். நான் ஓடிய ஓட்டத்தில் பிழைத்த உயிர் அது. அந்த வாயால்தான் இதைச் சொன்னார். நல்லதுக்குக் காலமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்போதுதான் நான் சொன்னேன். முதல் நாள் மத்தியானம் கேட்ட சத்தம், நான் கூப்பிட்டுச் சொன்னது, குளியலறை வாசலில் அவர் சொன்னது, எல்லாம். மாமியாரைப் பார்த்து, “நீங்கதானே வயித்துல போடச் சொன்னீங்க?” என்று கேட்டேன். அவர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கல்லுளிமங்கன் போல உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பா நிதானமானவர். “நாலு நாளா இதையச் சொல்லவே இல்லியே அம்மிணி” என்றார்.

“அவருக்கு வாக்குக் குடுத்திருந்தேங்க.”

“இப்ப மட்டும் எப்படிச் சொல்ற?”

என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கைதிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போன டியூட்டியில் எத்தனையோ பேர் வாக்குமூலம் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். தாமதமாக வருகிற உண்மைக்கும் பொய்க்கும் கேட்கிறவன் காதில் ஒரே சத்தம்தான்.

முடிவு சுலபமாகச் சொன்னார்கள். குண்டு பேச்சை இதோடு விட்டுவிடலாம், வெளியே போனால் லைசென்ஸுக்குக் கேடு. தூரத்தோடு பூஜை ஆயுதத்தைத் தொட்டது தப்பு, மாமியார் காலில் விழுந்து எழுந்தால் சரியாகிவிடும். இல்லையென்றால் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போகலாம்.

“பொண்ணு எங்க ஊட்டுக் கொழந்தை. அது இங்கியே இருக்கட்டும்” என்றார் மாமியார்.

கதவோரம் மகள் நின்று கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளை விட்டுப் போனால் அதே வீட்டில் பீரோவுக்குள் அந்த எமன். விழுந்தேன். மாமியார் என் தலையில் கை வைத்து, “நல்லா இரு சாமி” என்று வாழ்த்தினார். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்த கதை.

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். அவர் என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை. கேட்டதை வாங்கித் தருவார். அன்றைக்குப் பிறகு என் கண்ணைப் பார்த்துப் பேசியது மட்டும் இல்லை. துப்பாக்கியை யார் கையிலும் கொடுப்பதில்லை. எடுத்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே ஸ்லைடு இழுக்கும் சத்தம் இரண்டு தடவை கேட்கும். ஆக, கற்றுக்கொண்டார். என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டார் என்பதை யாரிடமும் சொல்லாமலேயே கற்றுக்கொண்டார். எனக்கு அது போதும் என்று பல வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மகள் உயிரோடு இருக்கிறாள், எனக்கு வேறென்ன வேண்டும்?

அவளுக்குப் பதினாறு வயது. அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். என் நாத்தனார் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “அத்தை வீட்டுல இருக்கறதுக்கு என்னம்மா?” என்றாள். பெட்டி கட்டிக் கொடுத்தேன்.

இந்த வருஷம் பூஜை விடுமுறைக்கு வந்திருந்தாள். அடுப்படியில் நான் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்க மாட்டியே?”

“கேளு சாமி.”

போனை நீட்டினாள். அவள் அத்தை கொடுத்த ஒரு படம். அன்றைக்கு நாத்தனார் போனை நீட்டியபடி நின்றாரே, அது எடுத்திருக்கிறது. அப்படி ஒரு படம் இருப்பதே எனக்குத் தெரியாது. அவிழ்ந்த தலையும் சரிந்த சேலையுமாக நான். என் கையில் துப்பாக்கி. எனக்குக் கீழே வாயைத் திறந்து அலறும் குழந்தை. என் முகத்தை நானே அடையாளம் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டேன். பார்க்கிற யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

“அப்பா மேல இருந்த கோவத்துல என்னையச் சுடப் பாத்தியாம்மா?”

கேட்கும்போது குரலில் கோபமே இல்லை. பல வருஷம் யோசித்து, பரவாயில்லை என்று மன்னித்துவிட்டுக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

அடுப்பை அணைத்தேன். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். வெறும் பாத்திரம் வைக்கக் கூடாது என்ற வழக்கம், மேகசின், அதைக் கழற்றினாலும் உள்ளே தங்கிவிடும் ஒன்று, சாய்ந்து நின்ற ஹாமர், குளியலறை வாசலில் அவள் அப்பா சொன்ன வார்த்தை, ஒன்றையும் விடவில்லை. யார் மேலும் கோபப்படாமல், சாட்சி சொல்வது போல வரிசையாகச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். நடுவில் நிறுத்திச் சந்தேகம் கேட்டாள்.

“மேகசினைக் கழட்டுனா உள்ள இருக்கறது தானா வராதா?”

“வராது. ஸ்லைடை இழுத்தாத்தான் வரும்.”

“இழுத்த பொறவும் வெரல உட்டுப் பாக்கோணுமா?”

“பாக்கணும். கண்ணு ஏமாத்தும்.”

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. என் மகள் கேட்கிறாள். என் கையால் காற்றில் பிடித்து, இழுத்து, பூட்டிக் காட்டினேன். அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, உள்ள ஒண்ணைப் போடறதுக்கும் உனக்குத் தெரியுமில்லம்மா?”

“தெரியும்” என்றேன்.

“அதான்” என்றாள் என் மகள்.